அலாஸ்கா கப்பல் பயணம்: வயதான பெற்றோர், பிள்ளைகளுடன் செல்ல எந்த நிறுவனம், எந்த வகைக் கப்பல்?

கேள்வி – மதுரைக்காரன் (சன்னிவேல், கலிபோர்னியா)

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் வரும் ஏப்ரல் இறுதியில் மதுரையிலிருந்து எங்களுடன் தங்க வருகிறார்கள். தபால் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அப்பா, பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தில் படித்த பனியாற்றை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தொலைபேசியில் பேசும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்காகவே ஜூன் மாதத்தில் ஏழு இரவுகள் அலாஸ்காவுக்குக் கப்பலில் போவது என்று முடிவு செய்துவிட்டோம். எந்தக் கப்பல் என்பதில்தான் குழம்பி நிற்கிறோம்.

நாங்கள் மொத்தம் ஆறு பேர். அப்பாவுக்கு 72 வயது, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் இருப்பதால் சமதரையில் கால் மணி நேரம் நடப்பார், படிக்கட்டு என்றால் தயங்குவார். மகனுக்கு 12, மகளுக்கு 8. நானும் மனைவியும் கிரீன் கார்டு வைத்திருக்கிறோம். பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். பெற்றோர் முட்டைகூடச் சேர்க்காத சைவம்.

மூன்று வழிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். சியாட்டிலில் புறப்பட்டு அங்கேயே திரும்பும் ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல் ஒன்று; பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள். வான்கூவரில் புறப்பட்டு அங்கேயே திரும்பும் ஹாலந்து அமெரிக்கா நிறுவனத்தின் நியூ ஆம்ஸ்டர்டாம் இரண்டாவது. வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் விட்டியர் துறைமுகம் வரை ஒரு வழியாகச் செல்லும் பிரின்சஸ் கப்பல் மூன்றாவது. கட்டணத்தில் இருக்கும் வேறுபாட்டைச் சமாளித்துக்கொள்ளலாம். இந்த மூன்று நிறுவனங்களின் போக்கும் உண்மையில் எப்படி வேறுபடுகிறது என்பதை, போய் வந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் – சியாட்டில்வாசி

வணக்கம் ஐயா. ஊரிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துக்கொண்டு இதுவரை நான்கு முறை அலாஸ்காவுக்குக் கப்பலில் போய் வந்திருக்கிறேன். கரீபியன் கடலுக்குப் போவதானால் கப்பலை முதலில் தேர்ந்தெடுப்பது சரி, ஏனென்றால் அங்கே கப்பலே ஒரு ஊர். அலாஸ்காவுக்கு அப்படித் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கப்பல் எந்த வழியாகப் போகிறது, எந்தப் பனியாற்றின் முன்னால் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் பிறகு தானாக வரும்.

சியாட்டிலில் புறப்படும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக் பெருங்கடல் வழியாக வடக்கே போகின்றன. வான்கூவரில் புறப்படுபவை அந்தத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள உள்வழியில் போகின்றன. இரண்டு பக்கமும் காடு, நடுவில் குளம்போல அமைதியான நீர். முதல் நாளே அலை பெரிதாக எழுந்து வயதானவர்கள் தலைசுற்றிப் படுத்துவிட்டால், அதன் பிறகு அவர்களுக்குப் பயணத்தில் மனம் ஒட்டுவதில்லை. என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. இரண்டு நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் ஜூனோ துறைமுகத்தில் இறங்கியபோதும் தரை ஆடுவதாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தது பனியாறு. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. அந்த அனுமதிகளில் பெரும்பங்கு ஹாலந்து அமெரிக்காவிடமும் பிரின்சஸிடமும் இருக்கிறது. நார்வீஜியன் உள்ளிட்ட வேறு சில நிறுவனங்களுக்கும் கொஞ்சம் உண்டு. ராயல் கரீபியன் கப்பல்கள் பொதுவாக எண்டிகாட் ஆர்ம் என்ற, நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்காலுக்கோ ஹப்பர்ட் பனியாற்றுக்கோ போகின்றன. அவையும் அழகில் குறைந்தவை அல்ல. சுமார் 122 கிலோமீட்டர் நீளமுள்ள ஹப்பர்ட், மற்ற பனியாறுகள் பின்வாங்கிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்திலும் முன்னேறி வருகிறது. ஆனால் உங்கள் தந்தையார் பூகோளப் பாடம் படித்தவர் என்பதால் சொல்கிறேன்: 1794இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் வான்கூவரின் குழுவினர் வந்தபோது இன்றைய கிளேசியர் பே அநேகமாக முழுவதும் பனிக்கட்டியாகவே இருந்தது. இன்று அதே இடத்தில் கப்பல் ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உள்ளே போன பிறகே மார்ஜரி பனியாற்றின் முகப்பை எட்டுகிறது. காலையில் பூங்காக் காவலர்கள் சிறு படகில் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் ஏறி வருவார்கள். அன்று முழுவதும் ஒலிபெருக்கியில் அந்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வருவார்கள். உங்கள் தந்தையார் கேட்க விரும்புவது இதுவாகத்தான் இருக்கும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். குவாண்டம் வகைக் கப்பல்களில், ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கிலேயே சுமார் 4,180 பேர் இருப்பார்கள். நீளம் 348 மீட்டர். நியூ ஆம்ஸ்டர்டாமில் அந்த எண்ணிக்கை 2,106. பிரின்சஸின் ராயல் வகைக் கப்பல்களில் 3,660 வரை. லிஃப்டுக்குக் காத்திருப்பது, துறைமுகத்தில் வரிசையில் நிற்பது, பஃபேயில் உட்கார இடம் தேடுவது எல்லாம் இந்த எண்ணோடு ஒட்டியவை. முழங்கால் வலி உள்ளவருக்குக் கப்பலின் நீளமும் ஒரு கணக்கு. முன்பக்க அறையிலிருந்து பின்பக்க உணவுக்கூடத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளையும் போய் வருவதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு வழிப் பயணத்தையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். விட்டியரில் இறங்கினால் ரயிலும் காரும் மாறி மாறிப் பயன்படுத்தும் ஒற்றைத் தடச் சுரங்கப்பாதை வழியாக ஆங்கரேஜுக்குப் போகலாம், அங்கிருந்து டெனாலி தேசியப் பூங்காவுக்கும் போகலாம். ஆனால் பெட்டிகளோடு ஆறு பேர், அதற்குமேல் ஒரு நீண்ட விமானப் பயணம் என்று சேரும்போது அம்மாவுக்கு அது கடினம். அப்பாவும் நீங்களும் மட்டும் போவதானால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பதில் – இரு பிள்ளைகளின் தாய் (நியூ ஜெர்சி)

மேலே எழுதியவரின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். பெரிய கப்பலை அவர் சற்று விரைவாகத் தள்ளிவிட்டார் என்பது மட்டும் என் எண்ணம். நாங்கள் மாமனார், மாமியார், 11 வயதும் 7 வயதுமான இரு பிள்ளைகள் என்று நார்வீஜியன் பிளிஸ் கப்பலில் போனோம். சுமார் 4,000 பேர் பயணம் செய்யும் கப்பல் அது. அலாஸ்காவில் ஜூன் மாதத்திலும் மழையும் குளிரும் உண்டு. கெட்சிக்கன் நகரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,800 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர். கடலில் கழியும் நாளில் மழை பிடித்துக்கொண்டால், பன்னிரண்டு வயதுப் பையனை ஜன்னலருகே உட்காரவைத்து மலையைப் பார் என்று எத்தனை மணி நேரம் சொல்ல முடியும்? எங்கள் மகன் காலையில் கோ-கார்ட், மாலையில் சிறுவர் மன்றம் என்று ஓடிக்கொண்டிருந்தான். நீங்கள் குறிப்பிட்ட குவாண்டம் வகைக் கப்பலில் கூரையிட்ட நீச்சல்குளம், மோதும் கார்கள், கடல் மட்டத்திலிருந்து சுமார் 90 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்லும் கண்ணாடிக் கூண்டு எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகள் தங்கள் போக்கில் மகிழ்ச்சியாக இருந்தால்தான் பெரியவர்களும் நிம்மதியாக இருக்க முடிகிறது.

எங்கள் கப்பலின் முன்பகுதியில் கண்ணாடிச் சுவர் கொண்ட ஒரு பெரிய பார்வைக்கூடம் இருந்தது. மாமனார் விடியற்காலையில் தேநீர்க் கோப்பையோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். மதிய உணவுக்கு நாங்கள் போய் அழைத்து வர வேண்டியிருந்தது. ஆகவே பெரிய கப்பலில் பெரியவர்களுக்கு இடம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இடம் இருக்கிறது, ஆனால் அதைப் பிடிக்க விடியலில் எழுந்து போக வேண்டியிருக்கிறது. மாமியாரால் அது முடியவில்லை.

பிரின்சஸ் பற்றி ஒரு செய்தி உங்கள் மகளுக்காக: அலாஸ்கா பயணங்களில் பனிச்சறுக்கு வண்டி இழுக்கப் பழக்கும் நாய்களின் குட்டிகளைக் கப்பலின் நடுக்கூடத்துக்கே கொண்டுவந்து காட்டுகிறார்கள். என் தோழியின் மகள் அந்த வாரம் முழுவதும் வேறெதையும் பேசவில்லையாம்.

சாப்பாட்டுக்கு நிறுவனத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இந்தப் பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் முன்கூட்டியே சொல்லி வைத்தால் இந்தியச் சைவ உணவு கிடைக்கும். முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள், ஏறிய முதல் இரவு உணவுக்கூடத்தின் தலைமைப் பரிசாரகரைத் தனியாகப் பார்த்து, முட்டையும் கூடாது என்பதைச் சொல்லுங்கள். மறுநாள் முதல் பருப்பு, சோறு, இரண்டு காய் வரும். சமையலறையில் நம் நாட்டவர் பெரும்பாலும் இருப்பார்கள். தன் அத்தையைப் பார்த்ததுபோல மாமியாரிடம் வந்து பேசினார் ஒருவர். தினமும் வருவது வடநாட்டுச் சமையலாகத்தான் இருக்கும் என்பதால், கடையில் வாங்கிய உறை பிரிக்காத பருப்புப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப் போங்கள். மின்கெட்டில், சிறு குக்கர் போன்றவற்றைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள்.

பதில் – குடிவரவுப் பணியில் பழக்கமுள்ளவர்

கப்பலைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். கனடா விசாவை யாரும் சொல்லாததால் இதை எழுதுகிறேன்.

சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குவதால் கனடா விசா தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையும் தொடாமல் அமெரிக்காவில் ஏற்றிய பயணிகளைச் சுற்றிக்காட்டி இறக்கக் கூடாது என்பது 1886ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு. அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் கடைசி மாலையில் சில மணி நேரம் கனடாவின் விக்டோரியாவில் நிற்கின்றன. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உங்கள் பெற்றோருக்கு, மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கனடா வருகையாளர் விசா வேண்டும். உங்கள் இருவருக்கும் இந்தியக் கடவுச்சீட்டும் கிரீன் கார்டும் போதும். பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கடவுச்சீட்டு எடுத்துச் செல்லுங்கள். பெற்றோரின் அமெரிக்க விசா பல முறை நுழைய அனுமதிப்பதா என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். ஒரு முறை மட்டும் நுழையும் விசாவாக இருந்தால், இந்தப் பயணத்தைத் திட்டமிடும் முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்பது நல்லது.

பெரும்பாலான நிறுவனங்களில் இறுதித் தொகையைப் புறப்படுவதற்குச் சுமார் 90 நாள்களுக்கு முன்பே கட்டிவிட வேண்டும். விசா கையில் வரும் முன் அந்த நாள் கடந்துவிடாதபடி, பெற்றோர் மதுரையில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

பதில் – ஓய்வுபெற்ற ஆசிரியை (கோயம்புத்தூர்)

தம்பி, நான் உங்கள் அம்மாவின் இடத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 69 வயது, எனக்கும் முழங்கால் வலி. வான்கூவரில் வேலை பார்க்கும் மகன் என்னை இரண்டு முறை அலாஸ்காவுக்குக் கப்பலில் அழைத்துப் போனான். முதல் முறை ஒரு மிகப் பெரிய கப்பல். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பனியாற்றுக்கு எதிரே கப்பல் நின்றபோது மேல்தளத்தில் மூன்று வரிசை ஆள்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதுகுகளுக்கு இடையே வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான் நான் பார்த்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லாரும் அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் அன்று இரவு எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டாம் முறை, நீங்கள் இரண்டாவதாகச் சொன்ன அதே நியூ ஆம்ஸ்டர்டாமில் போனோம். கோவிலில் பிரகாரம் சுற்றுவதுபோலக் கப்பலை முழுவதும் சுற்றி வர மரப்பலகை வேய்ந்த ஒரு நடைதளம் அதில் இருக்கிறது. படி ஏற வேண்டியதில்லை, லிஃப்டில் இறங்கி அப்படியே வெளியே போகலாம், கால் வலித்தால் எந்த இடத்திலும் உட்காரலாம். கிளேசியர் பேயில் அந்த நடைதளத்தின் நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கப்பல் மார்ஜரி பனியாற்றின் முன் ஒரு மணி நேரம் போல நின்று, இரண்டு பக்கத்தாரும் பார்க்கும்படி மெதுவாகத் திரும்பிக் காட்டியது. நீருக்கு மேலே எழுபத்தைந்து மீட்டர் உயரத்துக்கு நிற்கும் சுவர் அது. அருகில் போனால் வெள்ளை இல்லை, உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல நீலம். ஒரு துண்டு பெயர்ந்து விழுவது முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. நீர் எழும்புகிறது. அதற்கும் பிறகுதான் அந்த இடியோசை நம் நெஞ்சில் வந்து இறங்குகிறது. வெண்ணிற இடி என்று அங்கேயுள்ள டிலிங்கிட் மக்கள் அதைச் சொல்கிறார்கள் என்று பூங்காக் காவலர் பெண் ஒலிபெருக்கியில் சொன்னார்.

அன்று தளத்தில் எல்லாருக்கும் சூடான பட்டாணி சூப் கொடுப்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். குளிரில் கை தானாக நீளும். ஆனால் டச்சுக்காரர்களின் பட்டாணி சூப்பில் பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு என்பதால் கேட்காமல் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கப்பலில் ஏறி இறங்கும் பாலத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அந்தக் கடலில் ஓதம் மிகப் பெரியது. கெட்சிக்கனிலும் ஜூனோவிலும் ஒரே நாளில் நீர்மட்டம் ஆறு மீட்டர்கூட ஏறி இறங்குகிறது. காலையில் சமமாக இருந்த பாலம் மதியம் செங்குத்தாகிவிடும். சக்கர நாற்காலி வேண்டுமென்று முதல் நாளே சொல்லி வைத்தால் பணியாளர்கள் தள்ளி விடுவார்கள். கேட்கக் கூச்சப்பட்டு நான் முதல் முறை இரண்டு ஊர்களில் இறங்காமலே இருந்துவிட்டேன். அம்மாவும் வேண்டாம் என்றுதான் சொல்வார்; நீங்களே சொல்லி வைத்துவிடுங்கள்.

ஸ்காக்வே துறைமுகத்தில் இறங்கி ஒயிட் பாஸ் மலை ரயிலில் கட்டாயம் அழைத்துப் போங்கள். தங்க வேட்டைக் காலத்தில், 1898இல் தொடங்கி 1900இல் முடித்த குறுகிய பாதை. முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் 870 மீட்டர் உயரம் ஏறுகிறது. போய் வரச் சுமார் மூன்று மணி நேரம், உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் தெரியும். உங்கள் மகனுக்கும் அது பிடிக்கும்.

மதுரைக்காரன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அம்மா எழுதியதை இன்று காலை அம்மாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நாற்காலி விஷயத்தை நீயே சொல்லிவிடு என்றார். ஆகவே வான்கூவர் சுற்றுப் பயணம், நியூ ஆம்ஸ்டர்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். மகன் முகம் தூக்கிக்கொண்டிருந்தான். ரயிலும், ஜூனோவில் திமிங்கிலம் பார்க்கும் படகும் என்று சொன்ன பிறகு இறங்கி வந்திருக்கிறான். பெற்றோரின் அமெரிக்க விசா பல முறை நுழைய அனுமதிப்பதுதான். கனடா விசாவுக்கான தாள்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். ஆறு பேருக்கு அறைகளை எப்படி எடுப்பது? பால்கனி அறை இரண்டு எடுத்தால் தொகை மிகவும் ஏறுகிறது.

பதில் – சியாட்டில்வாசி

இரண்டு பால்கனி வேண்டியதில்லை ஐயா. பெற்றோரோடு மகளைச் சேர்த்து மூன்று பேர் படுக்கும் பால்கனி அறை ஒன்றும், நடைபாதைக்கு நேர் எதிரே உங்கள் மூவருக்கும் ஜன்னல் இல்லாத உள்ளறை ஒன்றும் எடுங்கள். பகலில் எல்லாரும் பால்கனி அறையில்தான் இருப்பீர்கள். ஜூனில் அங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால், தூங்குவதற்கு இருட்டான உள்ளறைதான் வசதி. கப்பலின் நடுப்பகுதியில், ஆட்டம் குறைவாகத் தெரியும் கீழ்த்தளமாகவும் லிஃப்டுக்கு ஏழெட்டு அறைகள் தள்ளியும் கேளுங்கள். சேவைப் பணமாக ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு தொகை தனியே சேரும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வரும் பெற்றோருக்காக எடுக்கும் மருத்துவக் காப்பீடு கப்பலிலும் கனடாவிலும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல திட்டங்கள் அமெரிக்க மண்ணோடு நின்றுவிடுகின்றன.

பதிவு செய்யும் முன் இன்னொன்றையும் கேளுங்கள். அந்தக் கப்பலின் பால்கனி அறைகள் பலவற்றில் குளியல் தொட்டிக்குள் இறங்கி நின்றுதான் குளிக்க வேண்டும். தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கால் வைப்பது அம்மாவுக்கு முடியாது. தரையோடு தரையாக ஷவர் உள்ள அறை என்று குறிப்பிட்டுக் கேட்டால் ஒதுக்கித் தருவார்கள். அத்தகைய அறைகள் சிலவே இருப்பதால் இந்த வாரத்திலேயே தொலைபேசியில் பேசிவிடுங்கள்.